பேட்டரி இறந்ததற்கு மாமா பொறுப்பல்ல

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பாவும் நலம் என்று அவரே சொல்கிறார். அங்கே நீங்களும் அத்தையும், கடையில் அடுக்கி வைத்திருக்கும் அத்தனை பேட்டரிகளும் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது இது: "பேட்டரி கெட்டதுக்குக் காரணம் பேட்டரி இல்லைப்பா." வண்டியின் பின்கதவைத் திறந்து, பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பிடித்தபடி குந்தியிருந்தேன். பதினொன்று புள்ளி ஒன்று வோல்ட் காட்டியது, காலி என்று பொருள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "மணி அடிக்கவே இல்லையேம்மா" என்றார், நீங்கள் பேட்டரியோடு அனுப்பிய எச்சரிக்கை மணியைத்தான். நான் "ஆமாப்பா" என்றேன். மணி அடித்தது, அவருடைய வலது காதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் அடித்தது, நான் நின்று கேட்டேன் என்று சொல்லவில்லை. அவருக்குத்தான் கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. மற்றவர்களின் காதைச் சோதித்து, கேட்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதையே வேலையாகச் செய்கிறவள், சொந்த அப்பாவுக்கு முன்னால் "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு மூடியை மாட்டினேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடத்தில் நின்று பேசினால் அப்பா காதில் விழுந்துவிடும் என்று வழக்கம்போல் பயந்துவிட்டேன். விழாது என்பது இப்போது எனக்குத் தெரியும், இருந்தாலும் பழக்கம் போகவில்லை. மேலும் நீங்களும் அப்பாவும் பேச்சை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. இடையில் அம்மா படும் பாட்டை எழுதினால் தனிக் கடிதம் வேண்டும். "உங்க அண்ணன் கொடுத்த பேட்டரி" என்று அப்பா தொடங்கினாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறாள்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்குகிறது. அப்பா ஓட்டும் எங்கள் வண்டிக்குள் இருப்பது காது சோதிக்கும் அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த, ஓர் ஆள் உட்காரும் பெட்டி. உள்ளே இருப்பவர் ஹெட்போன் மாட்டிக்கொள்வார், நான் வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன், கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். எஞ்சின் ஓடினால் அந்த அதிர்வில் எதுவும் கேட்காது, ஜெனரேட்டரும் ஆகாது. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, விளக்கு, விசிறி, கருவி எல்லாவற்றையும் ஐந்து மணி நேரம் தனி பேட்டரி ஒன்றில் ஓட்டுகிறோம். மற்ற வண்டிகளில் பேட்டரி படுத்தால் தள்ளிவிட்டாவது கிளப்பலாம். எங்கள் வண்டியில் பேட்டரி படுத்தால், பஞ்சுப் பெட்டிக்குள் இருட்டில் ஒருவர் ஹெட்போனோடு உட்கார்ந்து, இதுவும் சோதனையில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அப்படிக் கால் மணி நேரம் காத்திருந்தார். கதவைத் திறந்ததும் "பாஸா?" என்று கேட்டார்.

முதல் பேட்டரியை அப்பாவே தேர்ந்தெடுத்தார், உங்களைக் கேட்காமல். லாரிக்குப் போடுவது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். "பெரிசா இருந்தா பெரிசா உழைக்கும்மா" என்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எஞ்சினை ஒரே உதையில் கிளப்பும் பேட்டரிதான் அவருக்கு நல்ல பேட்டரி. அது நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தது. அப்போது நீங்கள் போனில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "மாப்பிள்ளை, அது நூறு மீட்டர் ஓடறவன். உங்களுக்கு வேணும்கிறது நாள் பூரா நடக்கறவன்." கிளப்பும் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும், ஒரே மூச்சில் கொட்டிவிட்டு உடனே நிரம்பிவிடும், டீப் சைக்கிள் பேட்டரிக்குத் தடித்த தகடுகள், சிறுகச் சிறுகக் கொடுக்கும் என்று நீங்கள் விளக்கினீர்கள். அப்பா எல்லாவற்றுக்கும் "ம், ம்" என்றார். போனை வைத்ததும் "என்ன சொன்னாரு உங்க மாமா?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மச்சான் அறிவுரை சொன்னால் எந்த மாப்பிள்ளைக்குத்தான் காதில் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நீங்களே நல்ல பேட்டரி அனுப்பினீர்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை. பாதிக்குக் கீழே இறங்க விடாதே. இறங்கியதை அன்றைக்கே ஏற்று, இருபது நிமிடம் வண்டி ஓட்டினால் நிரம்பிவிடும் என்று ஏமாறாதே. காலியாக ஓர் இரவுகூடப் போடாதே, தகட்டில் வெள்ளை படியும், படிந்தது போகாது. அப்பா அந்த அட்டையை முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார். மாமா, உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தபோதும் அதை அவர் கிழிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஷெட்டில் வண்டியை விட்டதும் முதல் வேலையாகச் சார்ஜரில் மாட்டுகிறார். வாரத்தில் ஒரு நாள் சோடா உப்பைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் டெர்மினலைத் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுகிறார். மாதம் ஒரு முறை ஒவ்வொரு மூடியாகத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு அப்புறம் சார்ஜ் ஏற்றுகிறார். அம்மாவுக்கு முட்டிவலி வந்தபோது இந்தக் கவனிப்பில் கால்வாசி கிடைக்கவில்லை என்று அம்மாவே சொல்கிறாள். இவ்வளவு செய்தும் அந்தப் பேட்டரி ஐந்தே மாதத்தில் செத்தது. அதுதான் அவரை உடைத்தது. கவனிக்காமல் செத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பார். இவ்வளவு கவனித்தும் செத்தால், சரக்கில்தானே கோளாறு என்று நினைக்க மாட்டாரா?

அப்போதுதான் உங்கள் இருவருக்கும் வழக்கு மூண்டது. பாதி இறங்கியதும் கீச் கீச்சென்று கத்தும் சின்ன மணி ஒன்றை நீங்கள் பேட்டரியோடு அனுப்பியிருந்தீர்கள். அது கத்தியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் போனில் கேட்டீர்கள், "மணி அடிச்சுதா, அடிக்கலையா?" என்று. அப்பா, "அடிக்கலை மச்சான், நான் பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்" என்றார். மணி பழுது என்று வேறு பேட்டரியும் வேறு மணியும் அனுப்பினீர்கள். அதுவும் அடிக்கவில்லை. மூன்றாவது அனுப்பினீர்கள். அதுவும் அடிக்காமல் போகவே, "மாப்பிள்ளை, என் கடையில இருபத்தாறு வருஷத்துல ஒரு மணி ஊமையா இருந்ததில்லை, உங்ககிட்ட வந்தா மூணும் எப்படி ஊமையாகும்?" என்றீர்கள். அப்பாவுக்கு இந்த வாக்கியம் மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டது, ஏனென்றால் நீங்கள் கத்திச் சொன்னீர்கள். "என்னைப் பொய்யன்ங்கறீங்களா?" என்றார். "மணி பொய் சொல்லாது" என்றீர்கள். போனை வைத்தவர் யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி.

மாமா, நீங்கள் சொன்னது சரி. மணி பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பாவும் சொல்லவில்லை.

என் பங்கை இப்போது எழுத வேண்டும், அதை எழுதத்தான் மூன்று நாளாகக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அந்த மணியைப் பின்னால், என் இருக்கைக்குப் பக்கத்தில் பொருத்தச் சொல்லியிருந்தீர்கள். முதல் வாரத்தில் தையற்காரர் ஒருவர் சோதனைக்கு வந்தார். நான் ஒலி எதையும் அனுப்பவில்லை, கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொத்தானைப் பதினேழு முறை அழுத்தினார். பேட்டரி மணி அடித்துக்கொண்டிருந்தது, பெட்டியின் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை. பாவம், கேட்டால் அழுத்தச் சொன்னேன், கேட்டது, அழுத்தினார். அந்த வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அவருக்கு வௌவாலின் காது. அன்றைக்கே நான் அப்பாவிடம், "இந்த மணி இங்க வேண்டாம்ப்பா, முன்னாடி உங்ககிட்ட வெச்சுக்கோங்க, அடிச்சா நீங்க பின்னாடி வந்து சொல்லுங்க" என்றேன். அவரும் சந்தோஷமாகத் தன் தலைக்கு மேலே பொருத்திக்கொண்டார். பிறகு அடிக்கவில்லை என்று அவர் சொன்னபோது, இடம் மாற்றியதில் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். அதில் எவருக்கு அந்த மணி கேட்காதோ அவரிடமே அதை ஒப்படைத்தவள் நான். அதுவும் காது படித்தவள்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வராததால் எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. பெயர்ப் பட்டியலைக் கொடுக்க இறங்கி முன்பக்கம் போனேன். கதவைத் திறக்கும்போதே கீச் கீச் கீச்சென்று கேட்டது. அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். மணி கத்தியது. காற்றுக்கு மடங்கிய ஓரத்தை நீவிவிட்டார். மணி கத்தியது. நான் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். என்னைப் பார்த்ததும் சிரித்து, "என்னம்மா, முடிஞ்சுதா? இன்னைக்குப் பேட்டரி நல்லாப் பிடிக்குதில்ல?" என்றார். நான் அவருக்கு மேலாகக் கையை நீட்டி மணியின் சுவிட்சை அணைத்தேன். "எதை நிறுத்தினே?" என்றார். "விசிறியை" என்றேன்.

இந்தச் செவிடு எப்படி யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சினில் ஒரு போல்ட் தளர்ந்தால் இரண்டு தெரு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறவர். கனத்த ஒலிகள் அவருக்கு நன்றாகவே கேட்கின்றன. எஞ்சினுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்களுக்கு முதலில் போவது கீச்சுக் குரல்கள்தான். மணி, குக்கர் விசில், குழந்தைகள் பேச்சு, என் பேச்சில் பாதி. இதை நான் வாரத்துக்கு நான்கு பேருக்காவது விளக்குகிறேன், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டி. வருடா வருடம் ஓட்டுநர்களைச் சோதிக்கும் டாக்டர் "காது கேக்குதா?" என்று கட்டைக் குரலில் கேட்கிறார், அப்பா "நல்லாக் கேக்குது" என்கிறார், அவர் எழுதிக்கொள்கிறார். அந்தப் பதில் உண்மைதான்.

இனி என் கவலை. இன்னொரு முறை வண்டி நடுவில் நின்றால் வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்வதாக, வண்டியை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் சொல்லிவிட்டார். நின்றாலும் போச்சு, ஏன் நின்றது என்று நான் உண்மையைச் சொன்னாலும் போச்சு. அப்பாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. வண்டியை எடுத்துவிட்டால் அவர் கையில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிரஷும் வாசலினும்தான். சொல்லாமல் விட்டாலோ, பின்னால் வருகிறவன் அடிக்கும் ஹார்ன்? மூன்று நாளாக நான் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, இடப்பக்கம் சைக்கிள்," "அப்பா, பின்னாடி பைக்" என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். "எனக்கு டிரைவிங் சொல்லித் தர்றியா?" என்று சிரிக்கிறார். நான் நிறையப் படிக்கிறவள் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். படித்த எதிலும் இந்த இடத்துக்குப் பொருந்தும் ஒரு வாக்கியம் அகப்படவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது, மாமா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குக்கூட யோசித்து நிற்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். அந்த மணிகள் மூன்றும் மட்டமான சரக்கு, என் தப்புதான் மாப்பிள்ளை, மன்னிச்சுக்கோங்க என்று. கூடவே கத்தும் மணிக்குப் பதிலாக எரியும் விளக்கு ஒன்றை அனுப்புங்கள், சிவப்பாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு, செய்தித்தாளுக்கு மேலாகத் தெரியும்படி. விளக்கு எரியும், அப்பா நிறுத்துவார், பேட்டரி பிழைக்கும், நீங்கள் இருவரும் பேசுவீர்கள், அம்மா அடுப்பை அணைக்காமல் சமைப்பாள். ஹார்னை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருடப் பெயரை இப்படிக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்யாத தப்பை உங்கள் தலையில் கட்ட இந்த உலகத்தில் எனக்கு வேறு மாமா இல்லை. அப்பாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள், இது அம்மா சொல்லச் சொன்னது. பெரியவர்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், ஒருவரோடொருவர் பேச்சோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்.

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம், மாமா. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் கைப்பையில் வைத்திருந்தேன். உங்கள் பெயரைப் பார்த்து அப்பா எடுத்துப் படித்திருக்கிறார். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பது அவர். அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டாம் பக்கத்தில், தண்ணீர் ஊற்றும் இடத்தில், "பாப்பா தப்பா எழுதியிருக்கா. சார்ஜ் ஏத்தின அப்புறம்தான் தண்ணி. முன்னாடி ஊத்தினா ஆசிட் பொங்கி வழியும். இது மச்சான் சொன்னது" என்றிருக்கும். அட்டையில் இல்லாத இதை எப்போது கேட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் நான் "செவிடு" என்று எழுதியதை அடித்துவிட்டுக் "காது மந்தம்" என்று திருத்தியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் "அப்பாவுக்கு எதுவும் தெரியாது" என்பதற்கு நேராக "தெரியும்" என்று மட்டும். அதற்குக் கீழே, "விளக்கு வேண்டாம் மச்சான். பொய் சொன்னது நானும் இல்லை மணியும் இல்லைன்னு பாப்பா எழுதியிருக்கா. எனக்கு ரெண்டு வருஷமாவே சந்தேகம்தான். கேட்டுச்சுன்னும் சொல்ல முடியலை, கேக்கலைன்னும் சொல்ல முடியலை, அடிக்கலைன்னு சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை கடைசி ஆள் போனதும் அப்பா பின்னால் ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்தார். "போடும்மா. கேட்டா அழுத்தறேன். கேக்காம அழுத்த மாட்டேன்" என்றார். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. வரைபடத்தைக் கையில் வாங்கி, இடமிருந்து வலமாகச் சரியும் கோட்டை ஓட்டுநர் கண்ணால் பார்த்தார். "நல்ல இறக்கம். நியூட்ரல்ல போகக் கூடாது" என்றார். சனிக்கிழமை அதை அவரே மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மகள் போட்ட வரைபடம் செல்லாது என்று அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே இறக்கம். காது மெஷின் வந்த பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர். எங்கள் மேலாளர் "பார்க்கலாம்" என்றால் என்ன பொருள் என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும்.

இன்று முதல் வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார். அப்பாவைவிட ஒரு வயது மூத்தவர். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. அப்பா காலையில் எங்களோடு ஷெட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரு முறை காட்டினார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.